உம்மாவுக்கு நான் போட்ட குல்கந்து

கீழக்கரை
12.3.1956

அன்பு மகள் சுலைகாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீயும் மாப்பிள்ளை ஹமீது சுல்தானும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதினேன், அது பொய் மகளே. உனக்கு இது எட்டாம் மாதம், சேதி கேட்டுப் பதறிவிடக் கூடாதே என்று மறைத்தேன். உன் உம்மாவுக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இன்றோடு நாற்பத்தோரு நாள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் வைத்தியர், ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை.

கஞ்சி கொடுத்தால் துப்பிவிடுகிறாள். வயிறு இளகவும் வாய்க்கு ருசி தெரியவும் ரோஜாப்பூ குல்கந்து கொடுங்கள், ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துத் தேத்தண்ணியாகக் கொடுங்கள் என்று வைத்தியர் சொன்னார். கடைக் குல்கந்தை நாக்கில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வருஷா வருஷம் தன் கையால் போட்டவள் அல்லவா. சரி, நாமே போடுவோம் என்று துணிந்தேன். முப்பது வருஷம் தோணி ஓட்டியவன், காற்று திரும்புவதை மூக்கால் அறிந்தவன், அடுப்பங்கரையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் நின்றேன். பூக்கார நாகலெட்சுமியிடம் பன்னீர் ரோஜா வாங்கி, இதழை உதிர்த்துக் கழுவி, கற்கண்டைப் பொடித்துப் போட்டேன். வெயிலில் வைக்கும் முன் ஜாடியை உம்மாவிடம் காட்டி, சரியா என்று கேட்டேன். கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா, எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. நாகலெட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பாய், கழுவுன பூவ ஈரத்தோடயா போட்டிய, நெழல்ல காயவச்சில்ல போடணும் என்றாள். அதைத்தான் உன் உம்மா கண்ணால் சொல்லியிருக்கிறாள், இந்த மனுஷனுக்குப் புரியவில்லை.

மறுபடியும் போட்டேன். இந்த முறை பூ நன்றாக ஊறித் தேன் பதத்துக்கு வந்தது. சந்தோஷத்தில் ஒரு கரண்டி ஊட்டினேன், இதழ் தொண்டையில் சிக்கி அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. விரலை விட்டு எடுத்தேன். இனி தண்ணீராக உள்ளது மட்டும்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஜாடி நிறைய இருக்கிறது, தின்ன ஆளில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஆவாரம்பூவோடு சுக்கும் பனங்கற்கண்டும் போட்டுத் தேத்தண்ணி இறக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி கடைவாயில் வழிந்தது. அப்போது சு, சு என்றாள். படுத்த நாளிலிருந்து அவள் வாயில் வந்த முதல் சத்தம். சுடுகிறது என்கிறாள் என்று நினைத்து ஆற்றிக் கொடுத்தேன், மறுபடி சு என்றாள். பச்சைத் தண்ணீர்போல ஆறும்வரை வைத்திருந்து கொடுத்தேன், அப்போதும் அதையேதான் சொன்னாள், வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன் மகளே, அவள் சொன்னது சூட்டை அல்ல, உன் பெயரை. அதற்கு மேல் உன்னிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

வா என்று எழுத மனம் துணியவில்லை, இந்த உடம்போடு நீ கப்பலும் ரயிலும் ஏறுவது ஆகாது, பர்மிட்டும் லேசில் கிடைக்காது. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. மாப்பிள்ளையோடு கலந்து பேசிக்கொள். எதுவானாலும் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு, கனம் தூக்காதே. அல்லாஹ் உனக்குச் சுகப் பிரசவத்தைத் தருவானாக, உன் பிள்ளையின் முகத்தை உம்மாவுக்குக் காட்டுவானாக. பதிலில் உம்மாவுக்கென்று தனியாக நாலு வரி எழுத மறக்காதே. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன்.

உன் வாப்பா
முஹைதீன்