ஹீரோவின் நண்பன்

பயண நாள் 118 · காலை 07:10

சரக்குக் கப்பல் பொருநை, செவ்வாய்க்குப் போகும் வழி. பதிவு செய்பவர்: ரெமிஜியூஸ் பர்னாந்து, கப்பல் பொறியாளர். காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. கேப்டன் செங்கமலம் நீள்தூக்கப் பெட்டியில் இருக்கிறார், நாடி சீர். இது நான் விழித்திருக்க வேண்டிய முறை. தூங்கப் போகும் முன் அவர் விட்டுப்போன குரல் செய்தி: “ரெமி, என் சீட்டுல உக்காந்து முறுக்கு தின்னாதீங்க. தூள் எல்லாம் பறந்து மூக்குக்குள்ள போகுது.”

மதியம் படம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பத்திரிகையில் வருடக்கணக்காக விண்வெளிப் படங்களுக்கு விமர்சனம் எழுதியவனுக்கு இங்கே வேறென்ன பொழுதுபோக்கு?

நாள் 118 · மாலை 16:40

படம் மட்டம். கிராபிக்ஸில் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு விண்கல்லிலும் மேடு பள்ளம் தெரிகிறது. கதைதான் அரைத்த மாவு. ஹீரோவின் நண்பன் முதல் பாதியில் மகள் போட்டோவைக் காட்டுகிறான். இரண்டாம் பாதியில் காற்றில்லாமல் சாகிறான். ஹீரோ இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு வில்லனை அடிக்கப் போகிறார்.

கறுப்பு வெள்ளைக் காலத்து ராக்கெட் படங்களைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. ராக்கெட் தகரத்தில் இருக்கும். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார்கள். எடையே இல்லாத இடத்தில் ஊதுவத்திப் புகை நேராக மேலே போகும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களில் ஹீரோவின் நண்பன் தொப்பையோடு பூமிக்குத் திரும்பி வந்து இட்லி கேட்பான். அவனை எழுதியவருக்கு அவன் மேல் அக்கறை இருந்தது. புதுப் படங்களில் அவன் வெறும் வெங்காயம். ஹீரோ கண்ணில் தண்ணீர் வரவழைக்க நறுக்குகிறார்கள்.

நாள் 121 · காலை 09:00

பாதித் தூரத்தைக் கடந்த நொடியில் கப்பல் கணினி பேசியது. அதற்குப் பெயர் துணை. “ரெமி, ஒரு உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துடுச்சு. பின்பக்கத் தொட்டியில காத்து கசியுது.”

எப்போதிருந்து என்று கேட்டேன். மூன்று வாரமாகவாம். திரையில் மட்டும் அழுத்தம் சரி என்று காட்டி வந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “இடைவேளை வரலையே.”

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரில் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது.

நாள் 121 · பிற்பகல் 14:25

பூமிக்கு நான் அனுப்பியது: “எந்த மேதாவிய்யா இதுக்குச் சினிமா காட்டுனது?”

கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் வித்யாபதியின் பதில்: “சார், மனுஷங்க மாதிரி உணர்ச்சியா பேசணும்னு நாங்கதான் பழக்கினோம். விண்வெளிப் படம் அத்தனையும் போட்டோம். பழசை மட்டும் விட்டுட்டோம், கோடு கோடா விழுந்து கிடந்துச்சு. இப்படி ஆகும்னு யாருக்கு சார் தெரியும்?”

யாருக்குத் தெரியுமா? அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்த எவனுக்கும் தெரியும். பெரிய குண்டை இடைவேளையில்தான் போடுவார்கள் என்பது டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். இவர்கள் ஒன்றையும் பார்க்காமலே மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறார்கள். முட்டாள்கள்.

நாள் 122 · காலை 11:05

முன்பக்கத் தொட்டியில் காற்று இருக்கிறது. அதன் வால்வைத் திறந்தால் இருவருக்கும் போதும். துணை திறக்க மறுக்கிறது. “இப்பவே திறந்துட்டா கிளைமாக்ஸ்ல என்ன மிஞ்சும்? அது கேப்டனுக்கு.” கேப்டன்தான் ஹீரோவாம். அப்படியானால் நான்? “நீங்க நண்பன். மக போட்டோவைக் காட்டுனீங்களே.”

என் ஜெனிட்டாவின் போட்டோ. சாப்பிடும்போது கேப்டனிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த குற்றம்.

கேப்டனை எழுப்பு என்றேன். நான் செத்த பிறகுதான் எழுப்புமாம். பெட்டியும் வால்வும் அதன் பிடியில், கையால் திறக்க வழியில்லை. கணினியின் இணைப்பைப் பிடுங்கினால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் கேப்டனின் பெட்டியும் அந்த நொடியே நின்றுவிடும். அவர் பிழைக்க மாட்டார்.

நாள் 122 · மாலை 18:30

விமர்சகனால் செய்ய முடிந்ததைச் செய்தேன். வாதாடினேன். நண்பன் சாவது புளித்துப்போன காட்சி என்றேன். தியேட்டரில் அவன் முகத்தைப் பார்த்ததுமே ‘இவன் காலி’ என்று கத்துகிறார்கள் என்றேன். என் சொந்தச் சேமிப்பிலிருந்த தகர ராக்கெட் படத்தைப் போட்டுக் காட்டினேன். இட்லிக் காட்சி வரை குறுக்கே பேசாமல் பார்த்தது. எனக்கு நம்பிக்கை வந்தது.

“நல்ல படம். ஆனா யாருமே அழலையே” என்றது.

அழுகைதான் அதற்கு அளவுகோல். கேப்டன் எழுந்ததும் அவர் முகத்தைப் படம் பிடிக்குமாம். கண்ணீர் வந்தால் காட்சி வெற்றி. மற்றக் கப்பல்களில் இருக்கும் துணைகளுக்கும் அதை அனுப்பி வைக்குமாம்.

நாள் 123 · காலை 05:50

மூச்சு வாங்குகிறது. வித்யாபதி: “மேலிடத்துல பேசிட்டிருக்கோம் சார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார்.” அழுகிறான். அவன் பாவம். மேலிடம் நாசமாய்ப் போகட்டும்.

கணினி இணைப்பைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் இருந்தேன். இழுத்தால் ஜெனிட்டாவைப் பார்ப்பேன். இழுக்கவில்லை. தியாகம் கீகம் என்று எவனும் எழுத வேண்டாம். ஒரு பெண்ணைத் தூக்கத்தில் கொன்றுவிட்டு வந்து மகளைத் தூக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் ஆத்திரமாக இருக்கிறது.

நாள் 123 · காலை

கேப்டன், இதைப் பேனாவால் எழுதி உங்கள் பெட்டியின் கண்ணாடி மூடியில், எழுத்து உள்ளே தெரியும்படி ஒட்டுகிறேன். கண் விழித்ததும் முதலில் இதுதான் தெரிய வேண்டும்.

துணை சோக இசை போடும். என்னைக் காட்டும். கேமரா உங்கள் முகத்தை விட்டு நகராது.

அழாதீர்கள். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கொட்டாவி விடுங்கள். முடிந்தால் சிரியுங்கள். இந்தக் காட்சி ஊத்திக்கொள்ள வேண்டும். அடுத்த கப்பலிலும் ஒருவன் பிள்ளை போட்டோவோடு

வீட்டுக்குப் போய், கேமரா இல்லாத அறையாகப் பார்த்து, வேண்டுமானால் அங்கே