மூடி திருகாத குப்பிகள்

பேட்டை வளைவில் இன்று காலை உன் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைப் பார்த்தேன். ‘நெல்லை கண்ட நீரியல் மேதை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அதை நீ தொட்டது அந்தப் படத்துக்காக மட்டும்தான். துளை போட்டவன் நான். முதுகுவலி இன்னும் எனக்குத்தான் இருக்கிறது.

குளத்து நீர் மண்ணுக்குள் ஊடுருவிக் கடைமடை வாழைகள் வரை போகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. போனால், தூர்ந்த கால்வாயைச் சீர்செய்யத் தேவையில்லை. வெயிலில் கிடக்கும் நீரில் லேசான அணுவகை, அதாவது லேசான ஐசோடோப்பு, முந்திப் பறக்கும், கனமானது தங்கும்; அதனால் குளத்து நீர் மழைநீரைவிடக் கனம். அதை வைத்துக் குளத்து நீரையும் மழைநீரையும் பிரித்துச் சொல்லிவிடலாம், குப்பியின் மூடியைத் திருகத் தெரிந்தவனாக இருந்தால். உனக்குத் திருச்செந்தூர் போகும் அவசரம். மண்ணிலிருந்து பிழிந்த நீரை அரைக் குப்பியாக ஊற்றி, மூடியைச் சும்மா வைத்து, காருக்குள் வெயிலில் விட்டுவிட்டு முருகனைப் பார்க்கப் போனாய். குப்பிக்குள்ளேயே நீர் ஆவியாகி, அத்தனையும் குளத்து நீராகத் தெரிந்தது.

“மூடி லூசா இருந்திருக்குலே. மறுபடி எடுப்போம்” என்றேன்.

“மிஷின் சொல்லுதத எழுதுலே. தண்ணிக்கு ஜாதகமா பாக்குத?” என்றாய். அறையே சிரித்தது. உனக்கு அது வரும், வேலைதான் வராது.

கால்வாயைக் கிடப்பில் போட்டார்கள். கடைமடை விவசாயி ஒருவர் அலுவலகத்துக்கே வந்தார். “மண்ணுக்கடியில தண்ணி வருதுன்னு எழுதிட்டியளாம்ல. குலை தள்ளுத வாழை பூராவும் காயுது. எங்க சார் அந்தத் தண்ணி?”

“பேசாம உளுந்து போடுங்க அண்ணாச்சி” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய்.

நீ செத்துப்போன பிறகு அதே தோப்பில் மறுபடி துளை போட்டேன். இம்முறை குப்பியின் வாய்வரை நீர், இறுகிய மூடி. வாழை வேரடியில் மழைநீர் மட்டும்தான். குளத்து நீர் பேருக்குக்கூட இல்லை.

“செத்த மனுசன் பேரு கெட்டிரும்வே. பழசத் தொடாம எழுதும்” என்று கெஞ்சினார் நம் மேலதிகாரி. பழைய கணக்கு நிற்கும்வரை அந்தக் கால்வாயில் மண்வெட்டி விழாது.

இரங்கல் கூட்டத்தில் நான் அழுதது உண்மை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வைத்தவன் நீ. கண்ணீருக்குத் தராதரம் தெரியாது. மதிப்பு வேறு. அது உன்மேல் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது கோபம் மட்டும்தான். அதை வைத்துத்தான் உன் பெயரைப் புது அறிக்கையின் முதல் பக்கத்தில், முதல் வரியில் எழுதினேன்: இவர் அளந்தது தவறு, கால்வாயை வெட்டுங்கள்.