கார்புரேட்டருக்கு அடியில் நீலக் கறை

14-6-94, செவ்வாய்

காலையில் சாரல். பாலக்காட்டுக் காற்று வேறு, ஹேங்கர் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டது. பயிற்சி விமானத்தில் பெட்ரோல் வாசம் என்று பைலட் புகார். இன்ஜின் மூடியைக் கழற்றினால் கார்புரேட்டருக்கு அடியில் நீலக் கறை, உள்ளங்கை அகலம். விமானப் பெட்ரோல் நீலம். காய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கார்புரேட்டர் போன மாதம் ஜெயசீலன் பிரித்து மாட்டியது. கறையைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோனது. எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை. அவன் வந்து பதினாலு மாதம். நான் பன்னிரண்டு வருஷம். பெங்களூர்ப் பயிற்சிக்கு இந்த வருஷம் ஒரே சீட்டு. போய்வந்தால்தான் விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை. இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை ஸ்பேனர்தான்.

சீஃப் இன்ஜினியர் அவனிடம், "நீயே பாரு கண்ணு." கண்ணாம்! என்னை இன்றுவரை "ஏப்பா"தான்.

வாங்க: சைக்கிள் டியூப், சின்னவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், தே.எண்ணெய்.

15, புதன்

வெயில். ஜெ. கறையைத் துடைத்துக் காயவிட்டு, குழாய் இணைப்பெல்லாம் முகப்பவுடர் தூவினான். பெட்ரோலைத் திறந்துவிட்டு டார்ச்சோடு குந்திக்கொண்டான். பவுடர் எங்கே நனைகிறதோ அங்கே கசிவு. நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை? சனியன்.

ஒரு மணி நேரம். கார்புரேட்டர் மேல் பவுடர் வெள்ளை வெளேர் என்று அப்படியே.

"அண்ணா, கசிவு இங்க இல்லீங்க. மேல ஃபில்டர் கிண்ணத்துல இருந்து குழாயோட வழிஞ்சு வருதுங்க. நாளைக்குப் பிரிச்சுப் பாத்தரலாமுங்க."

ஃபில்டர் கிண்ணம். மாசியில் அதன் பேக்கிங், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், கிழிந்தது. ஒரிஜினல் வரவில்லை, விமானம் அவசரம். பம்ப்செட் ரப்பர் ஷீட்டில் நானே வெட்டிப் போட்டேன். பீளமேட்டுப் பட்டறைப் புத்தி, இல்லாததை வெட்டிப் போட்டு ஓட்டிவிடுவது. தண்ணீருக்கு அந்த ரப்பர் நிற்கும், பெட்ரோலில் ஊதிப் பெருத்துவிடும். ஒரிஜினல் சித்திரையில் வந்தது. மாற்ற மறந்தேன். பராமரிப்புப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆகாயத்தில் தீப்பிடித்திருந்தால்? இரண்டு உயிர்.

வீட்டில் சரசு: "ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?" தலைவலி என்றேன்.

16, வியாழன்

அவன் வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று ஏழு மணிக்கே போனேன். முந்திக்கொண்டுவிட்டான். கிண்ணம் பிரித்தாகிவிட்டது. உள்ளங்கையில் என் பேக்கிங், ஊறின அப்பளம் மாதிரி.

"அண்ணா, இது நீங்க வெட்டுனதுதானுங்களே?"

"யாரு சொன்னா?"

"இத்தன சுத்தமா வட்டம் வெட்ட இங்க வேற ஆரு இருக்கறாங்க?"



"ஒரிஜினல் போட்டுப்போட்டேனுங்க. சீஃப் கேட்டா நீங்க கண்டுபுடிச்சதாவே சொல்லிருங்க. பெங்களூருக்கு ஆள் எடுக்கற நேரமுங்க."

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. என்னைப் போட்டுக்கொடுத்திருந்தால் வாயாரத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான். பேக்கிங்கை வாங்கி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

17, வெள்ளி

இன்ஜினை அரை மணி ஓட்டிப் பார்த்தோம். நிறுத்திவிட்டுத் தூவின பவுடர் காய்ந்தே இருந்தது. கசிவை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஜெ. சீஃபிடம் சொல்லியிருக்கிறான்; அவர் என் முதுகில் தட்டினார். "பழனிசாமி, பழைய கைன்னா பழைய கைதான். ஆடி பொறந்ததும் பெங்களூர் கெளம்பு." என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது முதல் தடவை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது.

ஜெ. கை கொடுத்தான். முகத்தில் நக்கல் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சந்தோஷப்படுகிறான், பாவி. வயிறு எரிகிறது.

புத்தகத்தில் எழுதினேன்: ஃபில்டர் பேக்கிங் பழுது, மாற்றப்பட்டது. யார் வெட்டிய பேக்கிங் என்று எழுதவில்லை. எழுதி முடிக்கும்வரை ஜெ. பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.