கறுப்புக் கோட்டுக்காரர்

சிவகாசி
12.7.2004

அனுப்பிரியாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு விருதுநகரில் உன் அப்பா வீட்டில் போய் உட்கார்ந்து நாற்பது நாளாகிறது. போனையும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

டெகா என்ற பிரான்ஸ் ஓவியரின் படத்தைப் பார்த்து நீ வரைந்தாயே, பாலே நடனம் ஆடும் பெண்கள், அதைத்தான் டீலர்களுக்குக் காட்டும் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தில் முதல் படமாக வைத்திருக்கிறேன். திரையோரம் நிற்கிற கறுப்புக் கோட்டுக்காரன் மட்டும் லட்சணமாக இல்லை. நம் அச்சகத்து மொக்கைச்சாமி கம்ப்யூட்டரில் அவனை அழித்து, அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்துவிட்டான். பெண்களுக்குத் தோளை மூடிப் பொட்டும் வைத்தாயிற்று. வீட்டில் மாட்டுகிற படமல்லவா?

ஆடிப் பதினெட்டில் ஆல்பம் பூஜை. வீட்டம்மா எங்கே என்று டீலர்கள் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? வந்து சேர்.

மணிகண்டராஜ்

விருதுநகர்
17.7.2004

அச்சக முதலாளி அவர்களுக்கு,

குத்துவிளக்கா? சிரித்துவிட்டேன்.

நீங்கள் அழித்த அந்தக் கோட்டுக்காரர் யார் தெரியுமா? பாரிஸ் அரங்கத்துக்குச் சந்தா கட்டிய பணக்காரர். மேடைக்குப் பின்னால் வந்து நிற்க அப்படிப்பட்டவர்களுக்கு உரிமை உண்டு. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், எதிர்த்துப் பேச முடியாது.

நான் கிளம்பிய அன்று, நம் அச்சகத்துப் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்து நீங்கள் இழுத்தபோது நான் வாசலில்தான் நின்றேன். "விடுங்க மொதலாளி, ஆளுக இருக்காக" என்று அவள் அழுதாள். அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். நான் வருவதைப் பிறகு பேசலாம்.

அனுப்பிரியா

சிவகாசி
22.7.2004

அனுப்பிரியாவுக்கு,

காலண்டர் தாள் ஒட்டுகிற பிள்ளையிடம் நான் கைகூப்ப வேண்டுமா? படம் வரைந்து வரைந்து உனக்குப் புத்தி பிசகிவிட்டது. அவளை நேற்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். இனி உனக்கு என்ன குறை? பூஜைக்கு வராவிட்டால் நம் சமூகத்து உறவின்முறைக் கூட்டத்தில் உன் அப்பாவை நிறுத்தி நாலு பேர் முன்னால் கேட்பேன்.

மணிகண்டராஜ்

விருதுநகர்
27.7.2004

முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு திருத்தங்கலில் பாண்டிச்செல்வியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா குருவம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஒங்க வீட்டுக்காரரு செஞ்சதுக்கு எம் மக வேலை போகணுமாக்கும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நான் அவள் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொன்னார்.

நேற்று பாண்டிச்செல்வி, குருவம்மாள், நான் மூவரும் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். நீங்கள் கைப்பட எழுதிய கடிதம் அங்கேதான் இருக்கிறது. உறவின்முறையைத் தாராளமாகக் கூட்டுங்கள். அப்பாவைத் தேட வேண்டாம், நானே வருகிறேன்.

கண்ணால் பார்த்த சாட்சி நான்தான். என் பெயரை எழுதிய ஏட்டு, கணவர் பெயரைக் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

அனுப்பிரியா