கரையில் கைதட்டினார்கள்

2006, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். பட்டாசு செய்யும் நாரணாபுரம். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

மருமகன் போன படகு திரும்பவில்லை. படகுக்காரர் தூத்துக்குடியிலிருந்து சொல்ல வந்தார்.

“தீபாவளி ராத்திரி கடல்ல இருந்து ராக்கெட் மேல போச்சு பெரியவரே. கொண்டாடுறாகன்னு கரையில கைதட்டுனாக.”

நான் கொடுத்தனுப்பிய ராக்கெட்டுகள் அவை. “ஆபத்துன்னா பத்த வைங்க மாப்பிள்ளை” என்றிருந்தேன்.

“ஆபத்தக் காட்டக் கடலுக்குன்னே செவப்பு வாணம் இருக்காமேய்யா, படகுல வைக்கலையா?” என்று கேட்டேன்.

“அத வைக்கணும்கிறது உலக நாடுக போட்ட விதி. நம்ம நாட்டுச் சட்டத்துல இன்னும் ஏறல. ஏறியிருந்தா வாங்கிருப்பேன்.”

அந்தியில் தெருப்பிள்ளைகள் மிச்ச ராக்கெட்டை விட்டார்கள். இந்த ஊரில் அதை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? மகள் மட்டும் வாசலுக்கு ஓடினாள்.

அதை எழுத வேண்டாம் தாயி.