ஜெயக்கொடியின் பத்து நகங்கள்

ஆனையூர்,
ஈசுவர வருஷம் வைகாசி மாதம் 22ந் தேதி

ரங்கூனில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி வீரணனுக்கு உன் ஆத்தா பாண்டியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் தங்கச்சி மாயக்காளும் சாமி புண்ணியத்தில் சுகம், போன வாரம் கன்று போட்ட செவலைப் பசுவும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், உடம்புக்கு முடியாத எவனும் கடலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் விரல் நகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதமாட்டான். தை மாதம் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நடுவில் இரண்டு கடிதம் போட்டு ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தாய். விழுந்த நகம் முளைத்து விரல் நுனிக்கு வர நாலு மாதம் பிடிக்கிறது, அதுவரைக்கும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலாங்கிளாஸ் படித்தவள் எழுதும் எழுத்து இது, குற்றம் இருந்தால் கண்டுபிடித்துக்கொள், அந்த வேலையில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே.

உனக்கு மறந்துபோயிருக்கும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஜெயக்கொடி என் கூடப்பிறந்த தம்பி முத்திருளனின் மகள். அவள் பிறந்த அன்றைக்கு மேலூருக்குப் போய் அவள் நாக்கில் சேனைத் தண்ணீர் தொட்டு வைத்தவள் நான், இவள் என் வீரணனுக்குத்தான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னவளும் நான். போன ஐப்பசியில் அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். உன் மாமன் பெண்சாதி சீனியம்மாள் படுத்தவள் ரொம்ப நாள் எழுந்திருக்கவில்லை. கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, நடுவதற்கு ஆள் இல்லை. ஜெயக்கொடி இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு இருபத்தாறு நாள் சேற்றில் குனிந்து நின்று நட்டு முடித்தாள். முடித்தபோது பத்து விரலிலும் நகச்சுற்று. நகக்கண் வீங்கிச் சீழ் பிடித்து, நகமெல்லாம் கறுத்து, வலது கையில் மூன்று நகம் கழன்றே விழுந்துவிட்டது. அந்தக் கையால்தான் ஆத்தாளுக்குக் கஞ்சி வைத்தாள், அந்தக் கையால்தான் மார்கழியில் லீவில் வந்த உன் சிநேகிதன் கருத்தக்கண்ணனுக்குச் சோறு போட்டாள். மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம். சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறி வந்து உன்னிடம், பெண்ணுக்கு விரலில் என்னமோ வியாதி, குஷ்டமாக இருந்தாலும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். அவள் போட்ட சோறு அவனுக்குச் செரித்துவிட்டது, கைதான் செரிக்கவில்லை.

அவனை விடு, அவன் எப்போதும் அப்படித்தான். நீ என்ன செய்தாய்? ஏனம்மா அவளுக்கு என்ன ஆயிற்று, வலிக்கிறதா என்று ஒரு வரி கேட்டாயா? பெண்ணை மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டி சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்புங்கள், அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம், இங்கே என்னோடு வேலை பார்க்கிறவர்களின் சம்சாரங்கள் நகத்துக்குச் சாயம் பூசித் துரைசானிபோல இருக்கிறார்கள், நாலு பேர் உள்ள சபையில் இவள் எப்படிக் கையை நீட்டுவாள் என்று எழுதினாய். உன் அய்யா அதைக் கேட்டுவிட்டு, "அரிசி மில்லு ஆபீசுல நாற்காலி தேய்க்கிற பயலுக்கு எந்தச் சபைடி?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குமேல் அவர் உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

ஆனால் உன்னை மட்டும் ஏசினால் நியாயமாகாது. அந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் பயம் வந்துவிட்டது. ஒருவேளை அப்படி ஏதும் இருந்துவிட்டால் என்று. சும்மா போய்ப் பார்த்தால் சந்தேகப்படுவாள் என்று ஒரு சாக்குக்காக எண்ணெய் காய்ச்சினேன். சாம்பலும் சீயக்காயும் என் நகத்தைத் தின்ற காலத்தில் எனக்கென்று நான் காய்ச்சிக்கொண்ட எண்ணெய்தான் அது. மருதாணி இலை ஒரு பிடி, வேப்பங்கொழுந்து ஒரு பிடி, கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி, விரலி மஞ்சளோடு இடித்து, ஒரு ஆழாக்கு செக்கு நல்லெண்ணெயில் போட்டு இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வைத்தேன். அவசரப்பட்டுத் தீயைத் தூண்டினால் இலை கருகி எண்ணெய் நாறிவிடும். சடசடப்பு அடங்கி, அடியில் தங்கிய கசடை எடுத்து நசுக்கினால் மணல்போலப் பிரியவேண்டும், அதுதான் பதம். இறக்கித் துணியில் வடித்து, சூடு ஆறுவதற்கு முன்னால் சிம்மக்கல் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு நெல்லிக்காய் அளவு போட்டுக் கரைத்தேன். மெழுகு சேர்ந்தால்தான் எண்ணெய் வழிந்து போகாமல் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ சர்ட்டிபிகேட் கேட்ட வியாதிக்கு இவ்வளவுதான் வைத்தியம் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

தை கடைசியில் மேலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். எண்ணெய் போட்டு விடுகிறேன் என்று அவள் கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, தெரியாமல் படுவதுபோல அவள் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினேன். ஸ்ஸென்று கையை இழுத்துக்கொண்டாள். "அயித்தே, உணர்ச்சி இருக்கான்னு பாக்கிறீகளா?" என்று கேட்டாள். "எனக்குத் தொட்டா தெரியுது, சுட்டா தெரியுது, குத்துனாலும் தெரியுது அயித்தே. யாரு சொன்னா அப்புடி?" என்றாள். இனி மறைப்பது பாவம் என்று மடியிலிருந்த உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். அழவில்லை. மடிப்புக் கலையாமல் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். "எண்ணெயைப் போடுங்க. அவுகளுக்காக இல்லை. மாசியில உளுந்து பறிக்கணும், இந்த விரலை வச்சுக்கிட்டு முடியாது" என்றாள். நான் போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வந்தேன், உன்னைப் பெற்றதற்காகவும், அந்த ஊக்குக்காகவும்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை நானே காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயந்திரம் அரிசி கழுவின தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அதில் கையை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, நகத்தைச் சுற்றித் தேய்த்துவரச் சொன்னேன். ஓரத்துச் சதையைக் கிள்ளவோ வெட்டவோ கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். மாசியில் நீ அனுப்பின சீமைத் தைலச் சீசா வந்து சேர்ந்தது, மேலே தொப்பி வைத்த துரைசானி படம் போட்டது. என் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தேன். மண்ணெண்ணெயில் அத்தரைக் கலந்ததுபோல ஒரு வாடை, எரிச்சல் வேறு. மாயக்காள் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்று உருளைக்கு விட்டாள். இரண்டு நாள் கிரீச்சிடாமல் இருந்தது, மூன்றாம் நாள் பழையபடி கத்த ஆரம்பித்துவிட்டது. உருளைக்கே உதவாததை மாமன் மகளுக்கு அனுப்பிய உன் தாராளத்தை இந்தத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு என் தம்பி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ஆற்றில் சாமி பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தான். பத்து நகமும் புதுசாக, அடியில் வெள்ளைப் பிறை தெரிய, பளபளவென்று இருந்தது. அதே நேரம் பார்த்து உன் மூன்றாவது கடிதம் வந்து கிடந்தது. நகம் சரியாகிவிட்டதாகக் கேள்வி, எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆவணியில் லீவு கிடைக்கும், முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று. ஆட்சேபணை இல்லையாம்! கலெக்டர் உத்தரவு போடுகிறார், குடியானவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். அதை அவர்கள் முன்னாலேயே படித்தேன். என் தம்பி பாவம், அக்காள் வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாது என்று, "அக்கா, பழசை விட்டுருவோம், நாளைப் பாருங்க" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசும் ஒரு நிமிஷம் அதற்குத்தான் ஏங்கியது. ஜெயக்கொடிதான் எழுந்து நின்றாள். "அயித்தே, நகம் நல்லாயிருச்சுன்னு கட்டிக்கிறவுக, நாளைக்குப் பிள்ளை பெத்து முடி கொட்டுனா என்ன எழுதுவாக? எனக்கு அவுக வேணாம். உங்க வீட்டுக்கு எப்பவும்போல வாரேன், போறேன். மருமகளா வரமாட்டேன்" என்றாள். முத்திருளன் அடிக்கக் கை ஓங்கினான். நான் குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டேன். "அவ சொன்னதுல என்னடா தப்பு? எம் மகனா இருந்தா என்ன, எனக்குக் கண்ணில்லையா?" என்று சத்தம் போட்டேன். அவன் திண்டாடிப்போய் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை, ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருந்தோம், உறவு அறுந்துவிடவில்லை.

இனி நடந்ததைக் கேள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது நான்தான். நம் பங்காளி வகையில் சிவனாண்டி, வடக்குத் தெருவில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சொந்தமாக உழுகிறானே, சின்ன வயதில் நீ அவனைச் சட்டை இல்லாதவன் என்று கேலி செய்வாய், அவன்தான். பெண் பார்க்கப் போகும்போது நானே அவனிடம் நகச்சுற்று வந்ததையும், நீ எழுதினதையும், நான் ஊக்கால் குத்தினதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். பிறகு ஒருவன் வந்து சொல்லவேண்டாம் பார். அவன் அங்கே உட்கார்ந்து, அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நாலு பேரு இருபத்தாறு நாள்ல எம்புட்டு நிலம் நட்டீக?" அவள் சொன்னாள். "அம்புட்டுமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனி இருபதாந் தேதி கல்யாணம். சிவனாண்டிக்குக் கூடப்பிறந்த அக்காள் தங்கச்சி கிடையாது என்பதால் நாத்தனார் முடிச்சுப் போட நம் மாயக்காளைத்தான் கேட்டிருக்கிறான், அவளும் சரியென்று சொல்லிவிட்டாள். உன் கல்யாணத்துக்கென்று நான் எடுத்து வைத்திருந்த கூறைச் சேலையைத்தான் ஜெயக்கொடி உடுத்தப்போகிறாள். அதற்காக நீ வருத்தப்படுவாயோ மாட்டாயோ தெரியாது, வருத்தப்பட்டால் எனக்குச் சந்தோஷம்தான், உன்னிடம் இன்னும் கொஞ்சம் நம் ரத்தம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு ஏசியும் உன்னை வாழ்த்தாமல் முடிக்க மனம் வரவில்லை. மழைக்காலத்தில் நனைந்த துணியோடு இருக்காதே, நெஞ்சுச்சளிக்குத் தூதுவளைப் பொடி வேறு பொட்டலமாக அனுப்புகிறேன். நீ நீண்ட ஆயுசோடு, நல்ல புத்தியோடு, ஒருநாள் எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படாதவனாகத் திரும்பி வரவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மறக்காதே, கல்யாணத்துக்கு முன்னால் உன் மாமனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. தப்புச் செய்துவிட்டேன் என்று எழுது, காரணம் எழுதாதே. நகம் என்ற வார்த்தை அதில் எங்கேயும் வரக் கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பாண்டியம்மாள்