பரீதா கீறிய பிறை

செப். 28, 1981. திங்கள்

கச்சான் காற்று. வகுப்பெல்லாம் மணல். மூன்றாம் வகுப்பு, 31 பிள்ளைகள். மஃரிப் நேர அந்தி வானத்தைப் பார்த்துப் படம் கீறும் வேலை, ஒரு கிழமையாக. ஆசிரியர் பயிற்சியில் சொன்ன சட்டம்: கண்டதைக் கீறு, கேட்டதைக் கீறாதே. விடையை நான் சொல்லக் கூடாது. வாயை அடக்குவதுதான் பெரிய பாடு.

வாங்க: மண்ணெண்ணெய், வெண்கட்டி, கருவாடு.

மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு: ஹஜ்ஜுப் பிறை தென்படவில்லை. பெருநாள் ஒரு நாள் பின்னுக்கு.

செப். 29. செவ்வாய்

முப்பது கொப்பியில் வெறும் வானம். பரீதாவின் கொப்பியில் பிறை! நேற்றுப் பிறை பார்க்கப் போய் இல்லை என்று சொன்னவர்களில் அவளுடைய வாப்பாவும் ஒருவர்.

"எந்தப் பக்கம் கண்டாய்?"

"வயல் பக்கம் டீச்சர். தென்னைக்கு மேல. மறுகா மேகம் மூடிட்டு."

பக்கம் சரி, மேற்குத்தான். தோணி மாதிரிப் படுத்திருக்கிறது, அதுவும் சரி. பின் வாங்கு வரிசையில் "பொய், பொய்" என்று சத்தம். நேற்று வெளியே போய்ப் பார்த்தது யார் யார் என்று கேட்டேன். ஆறு கை. மிச்சப் பேர் மைக்கைக் கேட்டுவிட்டு வெறுமையாக விட்டவர்கள். ஏச வேண்டியது அவர்களை. ஏசவில்லை.

இடைவேளையில் அவளுடைய வாப்பா வந்தார். கோபமில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

"நானும் அங்கதான் நிண்டன் டீச்சர். காணல்ல. சின்னப் புள்ளட கதைய ஊர் புடிச்சா பெருநாள் ரெண்டாப் போகும். அத அழிக்கச் சொல்லுங்க."

அவர் சொல்வதும் நியாயம். அவள் கீறியதும் நியாயம். நானே நேற்றுப் பார்க்கவில்லை! சோறு வடித்துக்கொண்டு நின்றேன்.

"அழி மகள்" என்றேன்.

"நான் கண்டது பிழையா டீச்சர்?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். எச்சில் தொட்டு விரலால் தேய்த்தாள். தாளில் ஓட்டை.

மஃரிபுக்கு வீட்டு வளவில் நின்று பார்த்தேன். பிறை, நல்ல தெளிவு. பக்கத்து வீட்டு மாமி, "ரெண்டாம் பிறை போல கிடக்கே" என்றா. மாமி மாதா மாதம் சொல்வது அதுதான். ஆனாலும் நேற்று பரீதா பிறையைக் கண்டாளா, இல்லையா?

செப். 30. புதன்

கருவாடு மறந்துபோச்சு.

முப்பது கொப்பியில் பிறை. பரீதாவின் பக்கம் வெறுமை.

"நேத்துப் பாக்கல்லையா?"

"இல்ல டீச்சர்." பென்சில் சீவித் தயாராக வைத்திருந்தாள். "நீங்க பாத்தீங்கதானே. எப்படிக் கீறணுமெண்டு போர்ட்ல கீறுங்க."